நம்பர் போட்ட மரம்

போன ஞாயிற்றுக்கிழமை நான் ஓடினேன்.

நம்ப மாட்டீர்கள். கண்ணெதிரே பஸ் கிளம்பினாலும் அடுத்த பஸ்ஸுக்கு நிதானமாகக் காத்திருக்கிற ஆள் நான். ஆனாலும் ஓடினேன். பச்சை டி-ஷர்ட், நெஞ்சில் 212 என்ற நம்பர் சீட்டு. நான்கு மூலைக்கும் நான்கு ஊக்கு, கோணாமல்.

காரணம் மைத்துனன் குமரவேல். சிதம்பரத்தில் அவனும் அவனோடு காலையில் நடக்கப் போகிறவர்களும் சேர்ந்து ஓர் ஓட்டம் ஏற்பாடு செய்திருந்தார்கள். சேரும் கட்டணத்தில் ஊருக்குள் மரக்கன்று நடுவார்கள். "ஓடணும்னு இல்ல மாமா, நடந்து வந்தாலே மெடல் உண்டு" என்று சொல்லி, வெள்ளிக்கிழமையே என்னைக் கடலூரிலிருந்து வரவழைத்துவிட்டான்.

எனக்கு ஒரு வேலையும் கொடுத்தான். புவனகிரி சாலையில் எங்கெங்கே தண்ணீர் கொடுப்பது என்று குறிக்க வேண்டும். நிழல் வேண்டுமே... ஐந்து நல்ல மரங்களைத் தேர்ந்தெடுத்தேன்.

"சாக்பீஸ்ல எழுதிட்டு வாங்க, போதும்."

சாக்பீஸா? மழை பெய்தால்? வெள்ளை பெயிண்டில் கட்டம், அதன் நடுவே சிவப்பில் எண். கட்டத்துக்கு ஸ்கேல் கூட வைத்தேன். முடித்துவிட்டுத் தூர நின்று பார்த்தேன். அரசாங்க வேலை மாதிரியே இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஞாயிறு காலை. மூன்றாம் எண் மரத்தை நெருங்குகிறேன். தண்ணீர் கொடுக்க வேண்டிய இரண்டு கல்லூரிப் பெண்கள் எதிர்ப்பக்கம் வெயிலில் நிற்கிறார்கள்.

"ஏம்மா இங்க நிக்கறீங்க?"

"மரம் வெட்டறாங்க அங்கிள். தள்ளி நிக்கச் சொன்னாங்க."

நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். அந்தப் பெரிய புங்க மரத்தின் மேல் ஒருவன், கையில் அரிவாள். சாலையோரம் தழையோடு மூன்று கிளைகள். 'மரம் வளர்ப்போம்' என்று முதுகில் எழுதிக்கொண்டவர்கள் அந்தக் கிளைகளைத் தாண்டித் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருவராவது ஏன் என்று கேட்டிருப்பாரா?

அடியில் ஒரு பெண் கூழ்ப் பானையைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். பெயர் மல்லிகா. அந்த மரத்தடியில்தான் அவருடைய கூழ்க் கடை. நான் பெயிண்ட் அடித்த மாலையில் கடை இல்லாததால் எனக்குத் தெரியவில்லை. மேலே இருந்தவன் அவர் தம்பி ராசு.

"யாரும்மா வெட்டச் சொன்னது?"

"நான்தான் சார். நம்பர் போட்டுட்டாங்களே, பாக்கல? இன்னிக்கி இல்லன்னா நாளைக்கி வெட்டத்தான போறாங்க. ரோடு போடறப்ப எங்க ஊட்டாண்ட நின்ன புளிய மரத்துக்கு இதே மாரிதான் நம்பர் போட்டாங்க. அப்பறம் ஒரு சுள்ளி கெடைக்கல, எல்லாத்தையும் லாரில ஏத்திக்கினு பூட்டாங்க. இந்தத் தடவ வெறகாவது மிஞ்சட்டுமேன்னு..."

"கேஸ் ஆகாதா?"

"நம்பர் போட்ட மரத்துக்கு ஏது சார் கேஸு?" என்றான் ராசு, மேலிருந்து.

"அது... நான் போட்ட நம்பர்மா. தண்ணி குடுக்கற எடம்னு..."

மல்லிகா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மரத்தைப் பார்த்தார்.

"டேய், எறங்குடா" என்றார். "பாதி நெழலு போச்சே சார். வெயில்ல நின்னு எவன் கூழு குடிப்பான்?"

இன்னும் இரண்டு மரம் பாக்கி என்பது அப்போதுதான் உறைத்தது. குமரவேலுக்கு போன் போட்டுச் சுண்ணாம்பு வாளியோடு வரச் சொல்லிவிட்டு ஓடினேன். ஆமாம், நிஜமாகவே ஓடினேன். நாலாம் எண் மரத்தில் பஞ்சர் கடைக்காரர் கிளைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். கத்தி நிறுத்தினேன். ஐந்தாவது தப்பித்திருந்தது.

குமரவேல் திட்டவில்லை. "சாக்பீஸுன்னு சொன்னன்ல மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஐந்து எண்களின் மேலும் சுண்ணாம்பு பூசினான். திட்டியிருந்தால் தேவலை.

திரும்பும்போது மெடலோடு எனக்குக் கிடைத்த மரக்கன்றை மல்லிகாவிடம் கொண்டுபோனேன். மீதி இருந்த நிழலுக்குள் வண்டியை நெருக்கி நிறுத்தியிருந்தார்.

"இது எப்ப சார் நெழலு குடுக்கும்?"

ஆனாலும் கன்றை வாங்கி மரத்தடியில் வைத்துவிட்டு, ஒரு சொம்பு கூழை நீட்டினார். மோர் மிளகாயோடு.

இத்தனை வருஷம் சாலையில் வெட்டுப்பட்ட மரங்களைப் பார்த்து 'யார் கேட்கிறார்கள்' என்று நானும் இந்தப் பத்திரிகையில் எழுதியிருக்கிறேன். யாரும் கேட்க மாட்டார்கள். கட்டம் நேராக இருந்தால் போதும், அது யார் போட்ட கட்டம் என்று கூடக் கேட்க மாட்டார்கள்.

கூழைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். வெட்டிய கிளைகளைக் கட்டிக்கொண்டிருந்த ராசு என் நெஞ்சைப் பார்த்துச் சிரித்தான்.

"யக்கா, சாருக்கும் நம்பர் போட்டுட்டாங்க. ஓரமா பாத்துப் போவச் சொல்லு!"