வலிக்கிற இடம்

பதினெட்டு வருடமாக அவர் பல் செய்கிறார். உயிருள்ள வாய்க்குள் ஒருமுறைகூட விரல் விட்டதில்லை. பல் மருத்துவமனையின் பின்னறையில், நோயாளிகளின் வாயை அச்செடுத்து பிளாஸ்டர் மாவில் வார்த்த ஈறுகளின்மேல் பல்செட்டைப் பொருத்திப் பார்த்து அனுப்பிவிடுவார். மாவு வாய் கத்தாது, கடிக்காது. டாக்டரம்மா முன்னறைக்குக் கூப்பிடும்போதெல்லாம் ஒன்று அவசர வேலை இருக்கும், இல்லையென்றால் வயிறு சரியிருக்காது.

அன்று ஒரே பல்செட் மூன்றாம் தடவையாகத் திரும்பி வந்தது.

"உங்க மாவுல ஜம்முனு உட்காருது. அந்த மனுஷன் வாயில நிக்க மாட்டேங்குது. நீங்களே வந்து பாருங்க," என்றார் டாக்டரம்மா. "இல்லேன்னா இனிமே செட்டெல்லாம் வெளியில செய்யக் குடுத்துடுவேன்."

முன்னறைக்குப் பதினைந்து அடி நடக்க வேண்டும். சுத்தமாக இருந்த கையை இரண்டு தடவை கழுவினார்.

நாற்காலியில் ஒரு பஸ் கண்டக்டர் சாய்ந்திருந்தார்.

"நீங்கதானா நம்ம பல்லைப் பெத்தவரு? புள்ளைய நல்லா வளர்க்கலையே சார்! 'டிக்கெட்'னு கத்தினா பயணிக்கு முன்னால அது இறங்கிடுது."

டாக்டரம்மா சிரித்தார். இவருடைய விரல்கள் கையுறைக்குள் நடுங்கின.

"கத்துங்க," என்றார்.

"என்னங்க?"

"பஸ்ல கத்துற மாதிரி கத்துங்க. நான் உதட்டைத் தூக்கிப் பார்க்கறேன்."

"டிக்கெட்!"

கன்னம் இழுத்தது. ஈறிலிருந்து உதட்டுக்குப் போகும் மெல்லிய தசை விறைத்து, பல்செட்டின் விளிம்பைத் தள்ளியது. மாவில் அது அசையாத வெறும் கோடு. அந்த இடத்தை விரலால் அழுத்தினார்.

"ஐயோ!" கண்டக்டர் துள்ளினார். கண்ணில் நீர் முட்டியது.

இத்தனை வருடம் எதற்குப் பயந்தாரோ, அது நடந்துவிட்டது. ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் அந்த வலி இல்லாமல் அந்த இடம் அவருக்குப் பிடிபட்டிருக்காது. செட்டைக் கழற்றி, விளிம்பில் அரிசியளவு ராவிவிட்டு மறுபடி மாட்டினார்.

"டிக்கெட்! டிக்கெட்!" கண்டக்டர் கன்னத்தைத் தடவினார். "அட, இறங்கலைங்க!"

டாக்டரம்மா அடுத்தவரின் சீட்டை எடுத்தார். இவருடைய நடுக்கம் அப்படியேதான் இருந்தது. தைரியம் வந்துவிட்டது என்று சொன்னால் பொய். நடுங்கும் விரலை மறுபடி கண்டக்டரின் உதட்டுக்குள் நுழைத்து, "வேற எங்கயாவது வலிக்குதா?" என்று கேட்டார்.