பைண்டர் கிழித்த அட்டை

என் பிஎச்.டி. நெறியாளர் போனில் சொன்னது இதுதான்: "நாளைக்கு மத்தியானம் சினாப்சிஸ் அனுப்பணும்மா. அந்த அம்மாதான் எழுதினாங்கன்னு அச்சுல ஆதாரம் காட்டு. இல்லைன்னா அந்த அத்தியாயத்தை எடுத்துடு."

எடுத்துவிட வேண்டுமாம். சட்டையில் ஒட்டிய நூலா அது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். அங்கே ஒரு சிறுபத்திரிகையில் அவர் பெயரில் கதைகள் வந்தன. பிறகு எங்கள் குடும்பத்தைப் போலவே கப்பலேறி நீலகிரிக்கு வந்து, இங்கேயும் கொழுந்து பறித்தே செத்துப்போனார். புத்தகம் எதுவும் வரவில்லை. இணையத்திலோ எல்லாப் பக்கங்களும் ஒரே பாட்டைப் பாடின: மனைவி பெயரில் கணவர் எழுதியவை. யார் சொன்னது என்று துருவினால் இந்தப் பக்கம் அந்தப் பக்கத்தைக் கை காட்டும், அது திரும்பி இதையே காட்டும். வயிற்றெரிச்சல்.

மழையோடு மழையாகக் குன்னூருக்கு வந்து நூலகத்தில் நுழைந்தேன். நூலகர் அந்தப் பத்திரிகையின் பைண்டு செய்த தொகுதியைத் தேடி எடுத்து வந்தார்.

"ஏனுங்க, அஞ்சு மணிக்குப் பூட்டிருவேனுங்க. பார்த்துச் சீக்கிரம் முடிச்சுக்கங்க."

கதை இருந்தது. அதன் கீழே பொடி எழுத்தில், 'எழுதியவரைப் பற்றி: பின்னட்டையின் உட்பக்கம்' என்றும் இருந்தது. அவசரமாகப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தை அடுத்து நேராக அடுத்த மாத இதழ் தொடங்கியது. அட்டையே இல்லை.

"அட்டையெல்லாம் பைண்டர் கிழிச்சுப் போட்டுருவாருங்க. தடிமனாச்சுன்னா ஊசி ஏறாதுங்களே," என்றார் நூலகர். என் முகத்தைப் பார்த்து, "இலங்கைக்காரங்க பழைய புக்கெல்லாம் நெட்ல ஏத்திருக்காங்க, பார்த்தீங்களா?" என்று கேட்டார்.

பார்த்திருந்தேன். அந்த அம்மாவின் பெயரைப் போட்டுத் தேடி, ஒன்றும் வராமல் விட்டிருந்தேன். இப்போதுதான் உறைத்தது, அங்கே இதழ்களைப் பத்திரிகைப் பெயரிலும் மாதத்திலும்தான் அடுக்கியிருப்பார்கள். உள்ளே இருப்பவர்கள் பெயரை யார் உட்கார்ந்து ஏற்றுவது? கதை வந்த மாதம் தொகுதியில் இருந்தது. உள்ளே சிக்னல் இல்லை என்று வாசலுக்கு ஓடினேன். எதிர்க் கடை தெரியாத மூடுபனி. அந்த மாத இதழ் கிடைத்தது, ஆனால் கோப்பு பெரியது, போனில் சார்ஜ் கொஞ்சம்தான். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. உள்ளே நூலகர் ஜன்னல்களைச் சாத்தும் சத்தம் கேட்டது.

திறந்தது. யாரோ அட்டையோடு பத்திரமாக வைத்திருந்த பிரதி. பின்னட்டையின் உட்பக்கத்தில், தலையில் கூடைக் கயிற்றோடு ஓர் இளம்பெண். கீழே இரண்டு வரி: இவருக்கு எழுதத் தெரியாது. இவர் சொல்லச் சொல்லக் கணவர் எழுதித் தருகிறார்.

இதைக் காட்டினால் இணையத்தில் சொன்னது சரியென்று ஆகிவிடும். காட்டாவிட்டால் அத்தியாயம் போய்விடும். அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். என்னை விடச் சின்னவர். வருவது வரட்டும் என்று பக்கத்தை நெறியாளருக்கு அனுப்பினேன்.

உடனே கூப்பிட்டார். "பார்த்தியா? கடைசியில எழுதினது புருஷன்தானே."

நான் விடவில்லை. "சார், எங்கம்மா சாயங்காலம் கொழுந்தை எடை போடக் கொண்டுபோவாங்க. எத்தனை கிலோன்னு கணக்கப்பிள்ளைதான் எழுதுவாருங்க. அதுக்காகக் கொழுந்து பறிச்சது அவருன்னு எந்த எஸ்டேட்லயும் சொல்லமாட்டாங்க சார்."

போனில் பேட்டரியின் சிவப்புக் கோடு மின்னிக்கொண்டிருந்தது.

"சரி," என்றார் அவர். "அத்தியாயம் இருக்கட்டும். அந்தப் புருஷனை என்ன பண்ணப்போறே?"

"அவருக்கு ஒரு அடிக்குறிப்பு போட்டுடறேனுங்க சார்," என்றேன்.