எதிர்காற்றில் கேட்காத குரல்

சென்ற கோடையில் நானும் கணவரும் ஸ்கீவ என்ற ஊரிலிருந்து கிரின்ஸ்டெட் என்ற ஊருக்குச் சைக்கிளில் புறப்பட்டோம். மரமே இல்லாத வெட்டவெளியில் எதிர்காற்று பலமாக அடித்தது. நான் முன்னால் மிதித்தபடி அவரோடு கதைத்துக்கொண்டே போனேன். வெகுநேரம் பதிலே வராததால் திரும்பிப் பார்த்தேன். பாதையில் யாருமில்லை.

பதறிப்போய்ச் சைக்கிளைத் திருப்பினேன். வியர்த்து நடுங்கியபடி புல்லில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு நீரிழிவு; சர்க்கரை குறைந்தால் குடிக்க வைத்திருந்த பழச்சாறோ என் பையில் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினேன். சற்று நேரத்தில் நடுக்கம் நின்றது.

“கூப்பிட்டிருக்கலாமேயப்பா?”

“கூப்பிட்டனான். காத்துக்குக் கேக்கேல்லை. நீர் கையை ஆட்டி ஆட்டிக் கதைச்சுக்கொண்டு போனது மட்டும் தெரிஞ்சுது.”

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

இப்போது பழச்சாறு அவரிடமும் இருக்கிறது. அவர்தான் முன்னால் போகிறார். கதைக்க வேண்டுமென்றால் இறங்கி, சைக்கிள்களை உருட்டிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நடக்கிறோம்.