டைம்கீப்பர் கொடுத்த மூன்று நிமிடம்

கடலூர் பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் வண்டிகள் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு தகரக் கூண்டு இருந்தது. அதற்குள் உட்கார்ந்திருந்தவர் ஞானசேகரன். தனியார் பஸ் முதலாளிகள் சங்கம் நியமித்த டைம்கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டுமோ அந்த நேரத்துக்கு அதை அனுப்பிவிட்டு, நோட்டில் எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. கேட்கும்போது இதெல்லாம் ஒரு வேலையா என்று தோன்றும். ஒரு நாள் காலையில் அங்கே நின்று பார்த்தால்தான் தெரியும். ஐந்து நிமிடம் முன்னால் போகிற வண்டிக்கு இருபது டிக்கெட் கூடுதலாக விழும். அந்த இருபது டிக்கெட்டுக்காகக் கண்டக்டர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொள்வார்கள். நடுவே இந்த ஒல்லி மனிதர் குரலை உயர்த்தாமல், "அவன் போவட்டும், நீ நில்லு" என்பார். நின்றுவிடுவார்கள்.

ஏன் நின்றார்கள் என்றால், அவர் நோட்டில் பொய் இருக்காது. வண்டியின் பின்சக்கரம் கேட்டைத் தாண்டினால்தான் அவருடைய பேனா நோட்டைத் தொடும். முன்கூட்டி எழுதி வைப்பது, மதியம் உட்கார்ந்து மொத்தமாக நிரப்புவது எல்லாம் அவரிடம் கிடையாது. நான் வேலை பார்த்த அரசாங்க அலுவலகத்தில் நாங்கள் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். அதனால் அவரைப் பார்த்தால் எனக்கு மரியாதையும் வரும், கொஞ்சம் எரிச்சலும் வரும்.

2004 ஜூனில் எனக்குச் சிதம்பரத்துக்கு மாற்றல் வந்தது. வீடு மஞ்சக்குப்பத்தில். காலை எட்டு இருபது பச்சை வண்டிதான் எனக்குக் கணக்கு. அதற்கு முன் எட்டு பன்னிரண்டுக்கு ஒரு வெள்ளை வண்டி உண்டு. பாத்திரம் கழுவி, இரண்டு பிள்ளைகளைக் கிளப்பிவிட்டு அதைப் பிடிக்க என்னால் ஒரு நாளும் முடிந்ததில்லை.

அந்தக் காலைகளை இப்போது நினைத்தாலும் மனசு இளகுகிறது. டீக்கடையில் கொதிக்கிற பாலின் வாசனை, மல்லிகைப்பூ விற்கிற அம்மாவின் கட்டைக் குரல், முதுநகரில் கதவைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஏறும் காலேஜ் பிள்ளைகள். சிப்காட் ரசாயன ஆலைகளின் நாற்றம் நெருங்கியதும் யாரும் சொல்லாமலே எல்லா ஜன்னல்களும் மூடும். அதைத் தாண்டியதும் திறக்கும். திறந்தவுடன் பேச்சும் தொடங்கும். பேங்க்கில் வேலை பார்த்த தட்சிணாமூர்த்தி சார்தான் தினமும் தொடங்கி வைப்பார். "நாடு கெட்டுப்போச்சு மேடம்" என்பார். யாரோ ஓர் அதிகாரி லஞ்சம் வாங்கியது, யாரோ பாலத்தில் சிமெண்ட் குறைத்தது என்று பேப்பரில் வந்த ஒன்றை எடுத்து விடுவார். நான் அதற்கு மேலே இரண்டு சொல்வேன். பி.முட்லூர் வருவதற்குள் இந்தியாவை நாலு தடவை தூக்கில் போட்டிருப்போம். சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

சுனாமி வந்த வாரம் ஊரே கலங்கிப்போயிருந்தது. மறுபடியும் அலை வருகிறது என்று ஒரு புரளி கிளம்பி, ஜனங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு மேற்கே ஓடினார்கள். பஸ் ஸ்டாண்டில் நாய்கூட இல்லை. நான் விவரம் தெரியாமல் போய் நின்றேன். கூண்டில் ஞானசேகரன் இருந்தார். பச்சை வண்டியில் நானும் இன்னும் இரண்டு பேரும். சரியாக எட்டு இருபதுக்கு விட்டார். "ஏண்ணே, நீங்க ஓடலியா?" என்று கேட்டேன். "வண்டி வருதும்மா. நேரம் சொல்ல ஆளு வேணுமில்ல?" என்றார். வீட்டில் அவர் மனைவி சௌந்தரம் அக்காவும் மகள் இலக்கியாவும் மூட்டை கட்டி வைத்துக்கொண்டு அவருக்காகக் காத்திருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும்.

இந்த மனிதரைத்தான் நான் கெடுத்தேன்.

2008 நவம்பர், ஒரு திங்கட்கிழமை. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. அந்த மாதம் இரண்டு தடவை தாமதமாகப் போய் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மை வாங்கியிருந்தேன். மூன்றாவது விழுந்தால் மெமோ. போதாக்குறைக்கு அன்று மேலிடத்திலிருந்து ஆய்வு. ஒன்பதரைக்குள் எல்லோரும் இருக்க வேண்டும் என்று உத்தரவு. கூண்டருகே போய் நின்று கெஞ்சினேன்.

"அண்ணே, இன்னிக்கு ஒரு நாள் மூணு நிமிஷம் முன்னாடி வுடுங்கண்ணே. வண்டிதான் ரெடியா நிக்குதே."

"அது முடியாதும்மா."

"நாலு வருசமா ஒன்னாச்சும் கேட்டிருப்பனா? மெமோ குடுத்துடுவாங்கண்ணே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பாதி நிஜம், பாதி அவர் பார்க்கட்டும் என்று. அவர் என்னைப் பார்த்தார், மழையைப் பார்த்தார், பிறகு டிரைவர் செம்பியனைப் பார்த்துத் தலையசைத்தார். எட்டு பதினேழுக்கு வண்டி கேட்டைத் தாண்டியது. ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தேன். ஞானசேகரன் எழுதிக்கொண்டிருந்தார். எட்டு பதினேழு என்று எழுதினால் வெள்ளை வண்டிக்காரர்கள் மறுநாள் வந்து சண்டை போடுவார்கள். அதனால் எட்டு இருபது என்று எழுதினார். அந்த நோட்டில் விழுந்த முதல் பொய் அது.

மழையில் வெள்ளை வண்டி மெதுவாகப் போயிருக்கிறது. முதுநகர் தாண்டியதும் நாங்கள் அதன் முதுகில் போய் ஒட்டிக்கொண்டோம். தங்கள் டிக்கெட்டைப் பறிக்க வந்துவிட்டான் என்று அவர்கள் வழிவிடவில்லை. செம்பியனுக்கு ரோஷம் வந்துவிட்டது. இரண்டு வண்டியும் மாறி மாறி ஹாரன் அடித்துக்கொண்டு பறந்தன. எங்கள் வண்டியில் சிலர் கத்தினார்கள், சிலர் "வுடாத மச்சான்" என்று ஏற்றிவிட்டார்கள். ஆலப்பாக்கம் தாண்டி ஒரு நிறுத்தத்தில், கத்தரிக்காய்க் கூடையோடு பஸ்ஸுக்கு நின்றிருந்த சின்னம்மாளை எங்கள் வண்டியின் இடது பக்கம் அடித்தது. அறுபது வயதுக்காரி. உயிர் பிழைத்தாள். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

செம்பியன் மேல் கேஸ் ஆயிற்று. "ஓட்டுனது நான், தப்புதான். ஆனா எட்டு பதினேழுக்கு வுட்டாங்க. நான் பேய் வேகத்துல வரல" என்று அவன் சொன்னான். விபத்து நடந்த நேரம் போலீஸுக்குப் போன போனில் பதிவாகியிருந்தது. எட்டு இருபதுக்குக் கிளம்பி அந்த நேரத்தில் அங்கே வந்திருந்தால், அவன் ஆரம்பத்திலிருந்தே வெறி பிடித்து ஓட்டியிருக்க வேண்டும். நோட்டு எட்டு இருபது என்றது. ஞானசேகரன் நோட்டு பொய் சொல்லாது என்று ஊருக்கே தெரியும். ஆகவே செம்பியன் பொய்யன்.

சங்கத்துச் செயலாளர் ஞானசேகரனைக் கூப்பிட்டு, "நோட்டு கிளீனா இருக்குது. நீ வாயத் தொறக்காத, சங்கத்துக்கு ஒன்னும் வராது" என்று சொன்னாராம். மூன்றாம் நாள் சாயங்காலம் ஞானசேகரன் எங்கள் வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"நான் ஸ்டேஷன்ல உள்ளத சொல்லப் போறேம்மா. நோட்டுல நான்தான் தப்பா எழுதினேன்னு சொல்லிடுவேன். ஆனா தனியா சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க வண்டியில இருந்தீங்க. எட்டு பதினேழுன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

நான் என் கணவர் அன்பரசு முகத்தைப் பார்த்தேன். "அவ கவர்மெண்ட் வேலைங்க. போலீசு கோர்ட்டுன்னு அலைஞ்சா பிரமோஷன் கெட்டுடும்" என்றார் அவர். நான் அதைவிடக் கேவலமாக ஒன்று சொன்னேன். "நான் கடியாரத்தப் பாக்கலீங்களேண்ணே" என்றேன். மூன்று நிமிடத்துக்காக அழுதவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லையாம்!

அவர் கோபப்படவில்லை. "சரிம்மா" என்று எழுந்து போனார். மறுநாள் தனியாகப் போய் எழுதிக் கொடுத்தார். யார் கேட்டு வண்டியை முன்னாலேயே விட்டாய் என்று இன்ஸ்பெக்டர் துருவியதற்கு, "யாரு கேட்டா என்னங்க, வுட்டது நான்" என்றாராம். என் பெயர் அந்தக் காகிதத்தில் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை. அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. நம்பாதது மட்டுமில்லை, செம்பியனிடம் எவ்வளவு வாங்கினார் என்று கணக்குப் போட்டார்கள். ஐயாயிரம் என்றான் ஒருவன், இருபதாயிரம் என்றான் இன்னொருவன். ஒருத்தன் வலியப் போய் 'தப்பு என்னுடையது' என்று சொல்வான் என்பதே எவனுக்கும் புரியவில்லை. அந்த அளவுக்கு நாங்கள் வந்து சேர்ந்திருந்தோம். சங்கம் அவரை வேலையிலிருந்து நீக்கியது. கிள்ளைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேன்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனார். அதற்கும் அதே எட்டு இருபது வண்டியில்தான் போக வேண்டும். கண்டக்டர்கள், "தலைவரே, இன்னிக்கு எத்தினி மணிக்கு வுடலாம்?" என்று கிண்டல் செய்வார்கள். அவர் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவார். நான் அதைப் பார்க்க முடியாமல் ஏழு ஐம்பது வண்டிக்கு மாறிக்கொண்டேன். மூன்று நிமிடம் இல்லை என்று அழுதவளுக்கு இப்போது அரைமணி நேரம் எங்கிருந்தோ கிடைத்தது.

2012 ஏப்ரலில் ஒரு நாள் எழுந்திருக்கத் தாமதமாகி, பழைய வண்டியில் ஏறினேன். ஞானசேகரன் அன்று இல்லை. தட்சிணாமூர்த்தி சார் இருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது, பேச்சு அப்படியே இருந்தது.

"வர்ற பதினெட்டாம் தேதி அந்த ஆக்சிடெண்ட் கேஸ் வருதாம் மேடம். நம்ம டைம்கீப்பர் சாட்சி சொல்றானாம். வாங்குன காசுக்கு நாலு வருசம் கழிச்சும் விசுவாசமா இருக்கான் பாருங்க. நாடு எங்க உருப்படும்?"

வண்டியில் சிரித்தார்கள். எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது.

"நான்தான் கேட்டேன்" என்று கத்தினேன். "நான்தான் அழுது கேட்டேன். அதுக்காவ வுட்டாரு. எட்டு பதினேழு. என் கடியாரத்துல பார்த்தேன். அவரு யாருகிட்டயும் அஞ்சு பைசா வாங்கல."

ஜன்னல்கள் திறந்திருந்தும் பேச்சு நின்றுவிட்டது. தட்சிணாமூர்த்தி சார் பேப்பரை மடித்தார். அன்று சிதம்பரம் வரை யாரும் நாட்டைப் பற்றிப் பேசவில்லை.

பதினெட்டாம் தேதி லீவு போட்டுவிட்டு கடலூர் கோர்ட்டுக்குப் போனேன். அன்பரசு வேண்டாம் என்றுதான் சொன்னார், ஆனால் பைக்கில் கொண்டுபோய் விட்டார். நான் முன்னமே போய்ச் சொல்லியிருந்ததால் செம்பியனின் வக்கீல் என் பெயரைச் சாட்சியாகச் சேர்க்க மனுப் போட்டிருந்தார். முதலில் ஞானசேகரன் சாட்சிக் கூண்டில் ஏறினார். அரசு வக்கீல் அவரை வாட்டி எடுத்துவிட்டார். "நீர் எழுதிய நோட்டே நீர் சொல்வதற்கு எதிராக இருக்கிறதே, எதை நம்புவது?" என்று கேட்டார். "நான் சொல்றத நம்புங்கய்யா. நோட்டுல ஒரே ஒரு நாள்தான் பொய் எழுதினேன்" என்றார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அடுத்து நான் ஏறினேன். சொன்னேன். கேட்டது நான், அழுதது நான், எட்டு பதினேழு.

மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றினார். "நாலு வருஷமாக ஏன் சொல்லவில்லை?"

"பயமா இருந்துச்சுங்கய்யா" என்றேன். அவர் அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

வெளியே வராந்தாவில் ஞானசேகரன் நின்றிருந்தார். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. நாலு வருடம் கழித்து அவர் வார்த்தை ஓர் அரசாங்கக் காகிதத்தில் உண்மையாக ஏறியிருந்தது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "அண்ணே, என்னை மன்னிச்சிடுங்கண்ணே."

"நீங்க வந்ததே ஜாஸ்திம்மா" என்றார். பிறகு தயங்கி, "எங்கிட்ட கேக்கறது இருக்கட்டும். அந்தம்மாவப் பாத்தீங்களா?" என்று வராந்தாக் கோடியைக் காட்டினார்.

பெஞ்சில் ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஊன்றுகோல். நாலு வருடமாக ஞானசேகரனை நினைத்து அழுதேன், என்னை நினைத்து அழுதேன். சின்னம்மாளைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. அவர் மாதம் தவறாமல் போய்ப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் யார் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"அந்த வண்டியிலியா இருந்த நீ?" என்றாள். "ரோட்டுல கெடந்தப்ப தண்ணி தண்ணின்னு கேட்டேன். பஸ்ஸுல வந்த ஒரு பொம்பளதான் எறங்கி வந்து வாயில ஊத்திச்சு. மூஞ்சி ஞாபகமில்ல. நீதானாம்மா அது?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். மறுக்க யாரும் இல்லை.

"நான் இல்லம்மா" என்றேன். "பின்னாடி வந்த பஸ்ஸுல ஏறி ஆபீசுக்குப் போயிட்டேன். ஒன்பதரைக்குள்ள கையெழுத்துப் போட்டுட்டேன்."