அக்கரையில் பங்கு வாங்கிய ஆட்டக்காரன்

சங்கிலிபூதத்தான் சடுகுடு ஆடிப் பிழைத்தவன். மற்றவர்கள் பொழுதுபோக்குக்கு ஆடிய ஆட்டத்தை, முக்கூடலைச் சுற்றிய ஆற்றங்கரை ஊர்களில் அவன் ஒருவன்தான் தொழிலாக வைத்திருந்தான். பங்குனி பிறந்தால் அவனைத் தேடி ஆள் வரும். கூலியை நெல்லாக அளப்பார்கள். ஜெயித்தால் மேற்கொண்டு ஒரு ஜோடி வேட்டி. ஆனியில் புதுவெள்ளம் வந்து ஆற்று மணலை மூடியதும் அவன் தொழிலும் மூடிக்கொள்ளும். மீதி மாதங்களில் கோரை அறுத்தும் வண்டி ஓட்டியும் காலம் தள்ளினான்.

பிறந்தது ராதாபுரத்துக்குத் தெற்கே, பனையும் செம்மண்ணுமான சீமை. அங்கே கிணறுகள் ஆழம். கயிறு அறுந்து, தண்ணீர் இறைக்கும் தோண்டி உள்ளே விழுந்தால் முங்கி எடுக்க ஆள் வேண்டும். மீசை அரும்பும் முன்னே அவன் அந்த வேலைக்குப் போனான். கிணற்றுக்குள் அடக்கிப் பழகிய மூச்சு அவனை ஆட்டக்காரன் ஆக்கிற்று. சடுகுடுவில் ஒரே மூச்சில் பாடிக்கொண்டு எதிராளிகளின் கட்டத்துக்குள் போக வேண்டும். தொட்டுவிட்டு அதே மூச்சோடு நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். பிடிபட்டு மூச்சு அறுந்தால் ஆள் வெளியே. மற்றவர்கள் ஊர் கேட்கப் பாடுவார்கள். பூதத்தானின் பாட்டு பானைக்குள் வண்டு ரீங்கரிப்பதுபோல இருக்கும். எப்போது முடியும் என்று யாருக்கும் பிடிபடாது.

தாயும் தகப்பனும் ஒரே வாந்திபேதியில் போனார்கள். அதன்பின் அவன் வடக்கே வந்தவன், திரும்பிப் போகவில்லை.

1907ஆம் ஆண்டு, பராபவ வருஷத்துப் பங்குனியில், நாணல்குறிச்சி முப்பிடாதி அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். நாணல்குறிச்சி ஆற்றின் தென்கரையில் இருக்கிறது. எதிர்க்கரையில் அக்கரைப்புதூர். ஆண்டுதோறும் சித்திரை முதல் தேதி இரண்டு ஊரும் ஆற்று மணலில் மோதும். முன்பெல்லாம் இரு தரப்பும் வெளியாட்களை இறக்கி ஒருமுறை மண்டை உடைந்தது. அதிலிருந்து ஒரு கட்டுப்பாடு வந்தது: பங்குனி உத்திரத்தன்று அந்தந்த ஊர்ச் சாஸ்தா கோயிலில் பங்கு வாங்கியவன்தான் அந்த ஊருக்காக ஆடலாம்.

பங்கு என்பது சும்மா பிரசாதம் இல்லை. இந்தப் பக்கம் குடும்பத்துக்குக் குடும்பம் ஒரு சாஸ்தா உண்டு. உத்திரத்தன்று அந்த வகையறா ஆண்கள் வரி கொடுத்துப் பூஜை போட்டு, சோறும் தேங்காய்ச் சில்லும் பழமும் ஆளுக்கொரு பங்காக வாங்குவார்கள். ஒரே சாஸ்தாவிடம் பங்கு வாங்குகிறவர்கள் பங்காளிகள், அண்ணன் தம்பி முறை. அவர்களுக்குள் பெண் கொடுத்து எடுப்பது கிடையாது. இந்த இரண்டு ஊரிலும் ஊர் முழுக்க ஒரே வகையறா, ஊருக்கு ஒரே சாஸ்தா.

முப்பிடாதி நாணல்குறிச்சி ஆட்டக்காரர்களுக்குத் தலைவர். பூதத்தானை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "உமக்கு எந்த சாஸ்தாவே?"

"தெரியாது அண்ணாச்சி. எங்க அப்பா சொல்லாமலே போயிட்டாரு."

"அப்பம் நல்லதாப் போச்சு. எங்க சாஸ்தாவக் கும்பிட்டுக்கிடும். வரிய நான் கட்டுதேன்."

சாதியில் வேற்றுமை இல்லை. ஆகவே யாரும் மறுக்கவில்லை. உத்திரத்தன்று பூசாரி பெயர் சொல்லிக் கூப்பிட, பூதத்தான் இலையை ஏந்திப் பங்கை வாங்கிக்கொண்டான். ஆட்டத்துக்கு ஒரு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் முப்பிடாதிக்கு அதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை. பூதத்தானுக்கும் தோன்றவில்லை. அன்று முதல் அவன் அவரைப் பெரியப்பா என்றான். அவர் மகன் நெல்லையப்பன் இவனை அண்ணே என்றான்.

அந்தக் கோடை தொடங்கி மூன்று வருஷமும் நாணல்குறிச்சிதான் ஜெயித்தது. நெல்லையப்பனும் நல்ல ஆட்டக்காரன். கால் பிடிப்பதில் அவனுக்கு இணை கிடையாது. ஆனால் ஜெயித்த பிறகு ஊர் தோளில் தூக்கியது பூதத்தானை.

ஆட்டக் காலத்தில் அவனுக்குச் சாப்பாடு முப்பிடாதி வீட்டில். பரிமாறுவது அவர் மனைவி பாலம்மாள். மகள் வடிவம்மாள் அடுப்படிக் கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பாள். ஒருநாள் அங்கிருந்தே கேட்டாள்.

"ஏம்மா, அவுக மூச்சு விடாம சாப்பிடுதாக. கோட்டத் தொட்டாச்சு, பைய சாப்பிடலாம்னு சொல்லு."

பூதத்தானுக்குப் புரை ஏறியது. அடுத்த வருஷமும் அவன் அதே ஊருக்கு ஆட வந்தான். வேறு ஊர்க்காரர்கள் கூடுதல் நெல் தருவதாகச் சொல்லியும் போகவில்லை.

1910 மாசியில் அவன் பெண் கேட்டு அனுப்பினான். சொந்தம் என்று போய்ப் பேச ஆள் இல்லாததால் அசன் மைதீனைப் பிடித்தான். அவர் பத்தமடைப் பாய் வியாபாரி. இரண்டு கரையிலும் கோரை வாங்குகிறவர். எந்த சாஸ்தாவுக்கும் வரி கொடுக்காதவர் என்பதாலேயே சித்திரை ஆட்டத்துக்கும் அவர்தான் மத்தியஸ்தர்.

முப்பிடாதி கேட்டுவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"அது எப்படிவே முடியும்? மூணு உத்திரம் எங்ககிட்ட பங்கு வாங்கியிருக்கான். வடிவு அவனுக்குத் தங்கச்சி முறைல்லா."

"வரி கட்டினது நீருதானே, முப்பிடாதி."

"நான் கட்டினா என்ன, யாரு கட்டினா என்ன. வாங்கின கை அவன் கை."

"ஆட்டத்துக்காகச் செஞ்ச காரியம்வே அது."

"சாமிக்கு அது தெரியுமா? ஆட்டத்துக்கு ஒரு பங்காளி, கல்யாணத்துக்கு வேற பங்காளின்னு இருக்கா? பையன் நல்ல பையன்தான். நான்தான் கெடுத்துப்புட்டேன். வெளியில சொல்லாதீரும், எனக்கே வெக்கமா இருக்கு."

அசன் மைதீன் இதை அப்படியே வந்து சொன்னார். பூதத்தான் கோரைக் கட்டின்மேல் உட்கார்ந்திருந்தான். கிணற்றுக்குள் முங்குகிறவனுக்குக் கைக்குத் தோண்டி தட்டுப்பட்டும் தூக்க முடியாமல் போவதுண்டு. அப்படி இருந்தது அவனுக்கு.

இரண்டு நாள் கழித்து, ஆற்றில் தண்ணீர் எடுத்துத் திரும்பிய வடிவம்மாள் கோரை அறுக்கும் இடத்தில் சற்று நின்றாள். அவனைப் பார்க்கவில்லை. கூட வந்தவளிடம் பேசுவதுபோலச் சொன்னாள்.

"எங்க ஊருல அக்கரைக்காரங்களுக்குத்தான் பொண்ணு குடுக்கது வழக்கம். எங்க அத்தைய அங்கதான் குடுத்திருக்கு."

சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

அந்தப் பங்குனி உத்திரத்தன்று பூதத்தான் முழங்காலளவு தண்ணீரில் ஆற்றைக் கடந்து அக்கரைப்புதூர் சாஸ்தாவுக்கு வரி கொடுத்தான். அங்கே பூசாரி பெயர் சொல்லிக் கூப்பிட, பங்கு வாங்கினான். அக்கரைக்காரர்களுக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று வருஷமாகத் தங்களைத் தோற்கடித்தவன் தானாக வந்து சேர்ந்துவிட்டான். நாணல்குறிச்சியில் அன்று பூசாரி பழக்கத்தில் அவன் பெயரையும் கூப்பிட்டார். எழுந்து வர ஆள் இல்லை. அவன் எங்கே போனான் என்ற செய்தி பந்தி முடிவதற்குள் வந்தது.

"கஞ்சி ஊத்தின கையக் கடிச்சிட்டுப் போயிட்டான்" என்றான் நெல்லையப்பன். "வரட்டும், மணல்ல பாத்துக்கிடுதேன்." அத்தோடு அவனை அண்ணே என்பது நின்றது.

பாலம்மாள் அன்று வைத்த குழம்பில் உப்பு இல்லை. முப்பிடாதி அதையே பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழுந்தார்.

சித்திரை முதல் தேதி வெயில் தாழ்ந்ததும் இரண்டு ஊரும் மணலில் கூடின. தென்கரையில் பெண்கள் மருத மரத்தடியில் நின்றார்கள். கோடு கிழித்தாகிவிட்டது. ஆட்டம் தொடங்குமுன் அசன் மைதீன் நடுவில் வந்து நின்றார். நாணல்குறிச்சியார் பக்கம் திரும்பினார்.

"இந்த ஆளு போன வருசம் வரைக்கும் உங்க பங்கு வாங்கினவரு. இந்த வருசம் அவங்க பங்கு. ரெண்டு பங்கு வாங்கினவன் எந்த ஊருன்னு கட்டுப்பாட்டுல சொல்லல. எங்க ஆளுதான்னு நீங்க சொன்னா இவரு இன்னைக்கு உக்காந்துக்கிடட்டும். எங்க ஆளு இல்லன்னா ஆடட்டும். சொல்லுங்க."

பூதத்தான் இதை எதிர்பார்த்திருக்கவில்லை. ஜெயிக்க நினைக்கிறவன் எதைச் சொல்வான் என்று அவனுக்குத் தெரியும். எங்க ஆளு என்று ஒரு வார்த்தை போதும். அக்கரைக்கு ஆள் குறையும், ஆட்டம் சுலபம். அந்த வார்த்தையோடு வடிவம்மாள் என்றைக்கும் தங்கச்சி. கால் மணலில் சூடு தாங்காததுபோல அவன் மாறி மாறி நின்றான்.

நாணல்குறிச்சியில் ஒரு பெரியவர் முப்பிடாதியின் காதருகே வந்து, "நம்ம ஆளுன்னு சொல்லிரும். உக்கார வச்சிரலாம்" என்றார்.

முப்பிடாதி மருத மரத்தடியைப் பார்த்தார். பாலம்மாள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்குள் நெல்லையப்பன் முன்னால் வந்துவிட்டான். "உக்கார வச்சு ஜெயிக்கதுக்கு வீட்டுலயே இருந்திருக்கலாம். இவன் இல்லாம எங்களுக்கு ஆடத் தெரியாதோ? எங்க ஆளு இல்ல. ஆடட்டும்."

பின்னால் இளவட்டங்கள் எல்லாரும், "இல்ல, எங்க ஆளு இல்ல" என்றார்கள்.

"முப்பிடாதி, நீரு என்ன சொல்லுதீரு? தலைவரு வாயால வரணும்" என்றார் அசன் மைதீன்.

"அதான் ஊரே சொல்லுதே" என்றார் முப்பிடாதி. "எங்க ஆளு இல்ல."

"நல்லாக் கேட்டுக்கிடுங்க" என்றார் அசன் மைதீன், இரண்டு கரைக்கும் சேர்த்து. "இவரு நாணல்குறிச்சிக்குப் பங்காளி இல்ல." நெல்லையப்பன் திரும்பி, மருத மரத்தடியில் நின்ற வடிவம்மாளை ஒரு தரம் பார்த்துக்கொண்டான். பிறகு அசன் மைதீன் கையை வீசினார்.

பூதத்தான் வாங்கிய கூலிக்குக் குறைவைத்து ஆடியதாக யாரும் சொன்னதில்லை. அன்றும் அப்படித்தான். முதல் தடவையில் ஒருவனைத் தொட்டான். அடுத்ததில் இருவர். பொழுது இறங்கும்போது அக்கரையில் அவன் ஒருவன்தான் மிச்சம். இந்தப் பக்கம் நெல்லையப்பனும் இன்னொருவனும். பூதத்தான் பாடிக்கொண்டு உள்ளே போனான். இன்னொருவனைத் தோளில் தொட்டுவிட்டுத் திரும்பினான். நெல்லையப்பன் மணலோடு மணலாகப் பாய்ந்து அவன் வலது காலைப் பிடித்து முறுக்கினான். முழங்காலில் ஏதோ நகர்ந்த சத்தம் இருவருக்கும் கேட்டது. பூதத்தான் குப்புற விழுந்தான். கோடு கைக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. வண்டின் ரீங்காரம் நிற்கவில்லை. அவன் அங்குலம் அங்குலமாக இழுத்துக்கொண்டு போனான்; நெல்லையப்பனும் கூடவே இழுபட்டான். சாண் விரற்கடையாகக் குறைந்தது.

அப்போது நெல்லையப்பன், அவனுக்கு மட்டும் கேட்கும்படி, மூச்சு வாங்கச் சொன்னான்: "கால் போயிரும்வே. மூச்ச விடும், மச்சான். போதும்."

ரீங்காரம் நின்றது.

நாணல்குறிச்சி ஜெயித்தது. நாலாவது வருஷமாக, இந்த முறை வெளியாள் இல்லாமல். ஊர் நெல்லையப்பனைத் தூக்கப் போனபோது அவன் பூதத்தானைத் தூக்கிக்கொண்டிருந்தான்.

கால் வீங்கி எழ முடியாததால் பூதத்தானை எதிர்க்கரைக்குக் கொண்டுபோக முடியவில்லை. முப்பிடாதி வீட்டிலேயே கட்டுப் போட்டார்கள். இரண்டாம் நாள் அசன் மைதீன் மறுபடி வந்தார். "அக்கரைப்புதூர்ல ஒரு மாப்பிள்ளை இருக்காரு. கால்தான் கொஞ்சம் சரியில்ல" என்றார்.

"அங்கன பொண்ணு குடுக்கது வழக்கம்தானே" என்றாள் பாலம்மாள் உள்ளேயிருந்து.

முப்பிடாதி வெற்றிலையை நெடுநேரம் மடித்தார். "ஊரே எங்க ஆளு இல்லன்னு சொல்லிட்டு" என்றார். "நான் என்ன செய்ய?"

ஆவணியில் கல்யாணம். அசன் மைதீன், பெண் மாப்பிள்ளை பெயர் இரண்டும் பின்னிய பாய் ஒன்று கொடுத்தார். பூதத்தான் பெரியப்பா என்று வாய் தவறி அழைத்து, திருத்திக்கொண்டு மாமா என்றான்.

முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு அவன் இன்னும் ஆறு கோடை அக்கரைக்காக ஆடினான். இரண்டு ஜெயம், நாலு தோல்வி. 1916 சித்திரையோடு நிறுத்திக்கொண்டான். அதன்பின் அக்கரையிலேயே கோரை நிலம் குத்தகைக்கு எடுத்துப் பிழைத்தான். உத்திரத்துக்கு உத்திரம் அங்கே அவன் பெயரைக் கூப்பிடுவார்கள். நொண்டிக்கொண்டே போய்ப் பங்கு வாங்கிவருவான்.

அக்கரைக்காரர்களுக்கு மட்டும் ஒரு சந்தேகம் தீரவில்லை. அன்று அவனுக்கு மூச்சு முடிந்ததா, அவனாக விட்டானா? நேரில் கேட்டவர்களுக்கெல்லாம், "முடிஞ்சு போச்சுவே" என்று ஒரே பதில்தான் சொன்னான். கல்யாணமாகி வெகு நாள் கழித்து, சோறு போட்டுக்கொண்டே வடிவம்மாளும் கேட்டாள்.

"மெய்யாவே மூச்சு முடிஞ்சுதா?"

"நீ குழம்ப ஊத்து" என்றான் பூதத்தான். அன்று பையத்தான் சாப்பிட்டான்.