மேல்நோக்கிய செதில்

வைத்திக்குப்பத்தில் மீன் விற்கும் இடம். தபாலாபீசுக்குப் புறப்பட்டவன் வேடிக்கை பார்த்து நிற்கிறேன். பையில் நான் பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்த்த பழைய போர் நூலின் அச்சுப்படி, திருத்தி அச்சகத்துக்கு அனுப்ப. அதில் வரும் குதிரை வீரனின் இரும்புச் சட்டையில் செதில்களின் நுனி மேலே பார்க்குமாம். அப்படியும் இருக்குமா? ‘மூலத்தில் பிழை’ என்று ஓரத்தில் எழுதிவிட்டேன்.

மீன்காரம்மா ஒரு கொடுவா மீனை வாலிலிருந்து தலைப்பக்கமாகச் சுரண்டுகிறார். செதில் என் கண்ணாடியில் தெறிக்கிறது.

“தலையிலேர்ந்து சுரண்டினா வராதாம்மா?”

“கத்தி வழுக்கிக்கினு பூடும்யா. நுனிப் பக்கமா வந்தாதான் உள்ள பூரும்.”

என் வீரனைப் பற்றிச் சொல்கிறேன். சிரிக்கிறார்.

“குதிர மேல குந்தினிருக்கிறவன எங்கேர்ந்துய்யா குத்துவாங்க? கீழேர்ந்துதான!”

கொடுவாவை வாலைப் பிடித்துத் தூக்குகிறேன். செதில் நுனிகளெல்லாம் வானத்தைப் பார்க்கின்றன. கீழிருந்து விரலை ஓட்டினால் வழுக்குகிறது. “இவன்தாம்மா அந்த வீரன்!” என்று கத்துகிறேன். குப்பமே திரும்பிப் பார்க்கிறது.

“எவனா இருந்தாலும் கீழ வையிய்யா, வெட்டணும்.”

ஈரக் கையோடு அச்சுப்படியைப் பிரித்து, ஓரக் குறிப்பை அடித்துவிடுகிறேன். அந்த இடத்தில் ஒரு செதில் ஒட்டிக்கொள்கிறது. அதன் நுனியை மேலே திருப்பி, அப்படியே மூடுகிறேன். அச்சகத்துக்காரருக்கும் புரியட்டும்.