புள்ளிக்கோட்டில் ஒரு கழிப்பறை

வடிவமைப்புப் போட்டி என்று யாராவது வாயைத் திறந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ‘ஆர்க்கிடெக்டுகள், ஓவியர்கள், மாணவர்கள் எல்லோரும் கலந்துகொள்ளலாம்’ என்று அறிவிப்பில் தாராளமாகப் போட்டிருப்பார்கள். வேலை தெரிந்தவன், தெரியாதவன், கம்ப்யூட்டரில் படம் மட்டும் காட்டத் தெரிந்தவன் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கலாம் என்று பொருள். ஊரெல்லாம் இரண்டு மாதம் சும்மா உழைக்கும். மூன்று பேர் ஏசி அறையில் காபி குடித்துக்கொண்டே ஒன்றைப் பொறுக்குவார்கள். இவ்வளவு இளக்காரமாகப் பேசுகிறாயே, நீ அந்தப் பக்கமே போனதில்லையா என்றால், போயிருக்கிறேன். முதல் பரிசும் வாங்கியிருக்கிறேன்.

தூத்துக்குடியில் எனக்குச் சின்னதாக ஓர் ஆபீஸ். ஊரில் யாரும் என்னை ஆர்க்கிடெக்ட் என்பதில்லை. பிளான் வரைகிற எவனும் இங்கே இன்ஜினியர்தான். கீழே கார் நிற்க இடம், மாடியில் வாடகைக்கு ஒரு போர்ஷன், வாசல் கிழக்குப் பார்த்து. வருடக்கணக்காக இதையே வரைந்து கை மரத்துப்போயிருந்தவனுக்கு, மீன் ஏலம் நடக்கும் கடற்கரையில் பெண் வியாபாரிகளுக்கு ஒரு கூடம் கட்டப்போகிறார்கள், அதற்குப் போட்டி வைக்கிறார்கள் என்றதும் சபலம் தட்டிவிட்டது.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்காவிடம் கேட்டேன். விடியுமுன் கடற்கரைக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, அலுமினியச் சட்டியைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாக விற்பவர். நிழலுக்கு ஒரு கூடம் கட்டப்போகிறார்கள், அங்கே உங்களுக்கு என்ன வேண்டும் என்று நான் கேட்டதும் சட்டியை இறக்காமலே பதில் சொன்னார்.

“நிழலு என்னத்துக்கு தம்பி? வெயிலு ஏறுததுக்குள்ள நாங்க தெருவுக்கு வந்துருதோம். ஒரு கக்கூஸ் கட்டச் சொல்லு. உள்ள கொண்டி போடுத மாதிரி. நாலு மணிக்கு வீட்ட விட்டு இறங்குனா மத்தியானம் திரும்புத வரைக்கும் பச்சத்தண்ணி தொடமாட்டேன். குடிச்சா எங்கன போறது? நீர்க்கடுப்பு வந்து ரெண்டு தடவ ஆஸ்பத்திரில படுத்தாச்சு. டாக்டரு தண்ணி குடி, தண்ணி குடின்னு ஏசுதாரு.”

அன்றைக்கே வரைந்தேன். கொண்டி போட்ட மூன்று கழிப்பறைகள், கூரைமேல் தண்ணீர்த் தொட்டி, அடுத்தவர் கைபிடிக்காமல் தலைச்சுமையை இறக்கத் தோள் உயரத்தில் ஒரு மேடை. பார்க்க ஒன்றும் பெரிதாக இருக்காது. ஆனால் அந்த அக்கா பார்த்தால் சிரிப்பார்.

பிறகு போட்டிக்காரர்களையும் நடுவர்களையும் இடம் காட்ட அழைத்துப்போனார்கள். காலை பதினோரு மணிக்கு. ஏலம் முடிந்து, தரை கழுவி, நாய்கூட நிழலுக்குப் போன நேரம். வேனிலிருந்து இறங்கிய நடுவர் ஒருவர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, “எவ்வளவு அமைதியான இடம்!” என்றார். ஏலத்தில் தொண்டை கிழியக் கத்தும் கூட்டத்தை அவர் பார்க்கவேயில்லை. இந்தக் கட்டடம் கடலோடு உரையாட வேண்டும் என்று வேறு சொன்னார். சுற்றி நின்ற இளசுகள் எல்லாம் அதைப் போனில் குறித்துக்கொண்டன.

அங்கேயே ஆளாளுக்கு லேப்டாப்பைத் திறந்து படம் போட ஆரம்பித்துவிட்டார்கள். எட்டிப் பார்த்தேன். ஒருவன் விடாமல் முத்துச்சிப்பி. திறந்த சிப்பி, மூடிய சிப்பி, சாய்ந்த சிப்பி. இந்தக் கடலில் முத்துக்குளிப்பு நின்று எவ்வளவு காலம் ஆயிற்று என்று ஒருத்தனுக்கும் தெரியாது. கச்சான் காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கும் இடத்தில் வாயைப் பிளந்த சிப்பியைக் கவிழ்த்தால் உள்ளே இருப்பவர்கள் என்ன ஆவார்கள் என்ற யோசனையும் கிடையாது. சிப்பிக்குக் கீழே பலூன் பிடித்த வெள்ளைக்காரக் குழந்தை ஒன்று வேறு ஓடியது. அது கம்ப்யூட்டரோடு இலவசமாக வரும் குழந்தை.

என் தாளை, கூடப் படித்தவனுக்கு அனுப்பினேன். இப்போது கல்லூரியில் பாடம் நடத்துகிறான். மறு நிமிடமே போன் வந்தது.

“ஏலே, கூறு இருக்கா ஒனக்கு? முதல் ஷீட்லயே கக்கூஸ வரைஞ்சு வச்சிருக்க. எவம்ல பரிசு குடுப்பான்? கடலைக் காட்டு, வானத்தைக் காட்டு. கக்கூஸ எங்கயாவது தள்ளி டாட் லைன்ல போடு. ஜெயிச்சப் பொறவு கட்டிக்கலாம்.”

எங்கள் தொழிலில் புள்ளிக்கோடு என்றால் பின்னால் வரப்போவது என்று பொருள். கெட்டிக்கோடு இப்போது, புள்ளிக்கோடு எப்போதாவது. எனக்கு அது தெரியாதா? தெரியும். தெரிந்துதான் கழிப்பறைகளைத் தூக்கி மூன்றாவது தாளின் ஓரத்தில் புள்ளிக்கோட்டுச் சதுரமாக ஒதுக்கினேன். தண்ணீர்த் தொட்டி கூரையின் அழகைக் கெடுக்கிறது என்று அதையும் எடுத்தேன். தோள் உயர மேடை கடலை மறைத்தது, அதுவும் போயிற்று. மிஞ்சிய இடத்தில் நீளமான பெஞ்சு ஒன்று போட்டு, அதில் பலூன் குழந்தையையும் உட்காரவைத்தேன். கூரையைக்கூட லேசாக வளைத்தேன். சிப்பி இல்லை, அலை என்று எழுதினேன். வெட்கங்கெட்ட பயல்.

முதல் பரிசு. சால்வை, கேடயம், பத்திரிகையில் போட்டோ. ‘கடலோர உழைப்பாளிகளின் வலியை உணர்ந்த வடிவம்’ என்று அந்த நடுவரே மைக்கில் சொன்னார். நானும் பணிவாகத் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

கட்ட வந்த இன்ஜினியரிடம் கழிப்பறையைப் பற்றிப் பேசினேன். தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “சார், டாட் லைனுக்கெல்லாம் எஸ்டிமேட் போட முடியாது. வேணும்னா நீங்க கெட்டியாப் போட்டிருக்கணும்லா?” அக்காவை விட்டால் இந்தக் கதையிலேயே ஒழுங்காகப் பேசிய ஆள் அவர் ஒருவர்தான்.

திறப்புவிழா அன்று அக்கா வந்திருந்தார். தம்பி வரைந்தது என்று கூட வந்த பெண்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சட்டியோடு கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். பின்பக்கம் போனார், திரும்பி வந்தார், மறுபடியும் பின்பக்கம் போனார். பிறகு என்னிடம் வந்து மெதுவாக, நாலு பேர் காதில் விழாதபடி கேட்டார்.

“எங்கன தம்பி இருக்கு?”

“அடுத்த கட்டத்துல வரும்க்கா.”

அவர் ஒன்றும் ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை. வந்தவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்து, மூடியைத் திறந்து அவரிடம் நீட்டினேன்.

“வேண்டாம் தம்பி. இன்னும் மூணு தெரு கெடக்கு.”

சட்டியைச் சரிசெய்துகொண்டு அவர் போய்விட்டார். திறந்த பாட்டிலை என்ன செய்வது, நானே குடித்தேன். அதன்பிறகு நடுவர்கள் தங்கியிருந்த ஓட்டலில் விருந்து. உள்ளே நுழைந்ததும் வரவேற்பில் இருந்தவரிடம் நான் முதலில் கேட்டது, டாய்லெட் எந்தப் பக்கம் என்றுதான்.